பூட்டி தைத்த ஞானஸ்நான கவுன்

கேள்வி: நந்தனத்தில் இருக்கிறோம். பூர்வீகம் இடையன்குடி. என் அம்மாவின் பாட்டி தைத்த வெள்ளை ஞானஸ்நான கவுன் ஒன்று குடும்பத்தில் கைமாறி வந்து இப்போது என் பீரோவில் இருக்கிறது. நெஞ்சிலும் கீழ்விளிம்பிலும் கையால் போட்ட பூவேலை. கழுத்திலும் கையிலும் லேஸ். அம்மா, நான், என் பிள்ளைகள் எல்லாருமே அதைப் போட்டுத்தான் ஞானஸ்நானம் பெற்றோம். வருகிற ஜனவரியில் என் பேத்திக்கு ஞானஸ்நானம். எடுத்துப் பார்த்தால் மடிப்புகள் பழுப்பேறியிருக்கின்றன, கொக்கி இருக்கும் இடத்தில் துருக்கறை, கழுத்து லேஸ் ஓரிடத்தில் விட்டுப்போயிருக்கிறது. டிரை கிளீனிங் கொடுக்கலாமா? குழந்தை கொஞ்சம் பெரியது; டெய்லரிடம் பிரித்துத் தைக்கச் சொல்லலாமா? அமெரிக்காவில் இருக்கும் தங்கையும் அவள் பேரனுக்குக் கேட்கிறாள்.

பதில்: அவசரப்பட்டு அதைத் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள். டிரை கிளீனருக்கும் வேண்டாம், டெய்லருக்கும் வேண்டாம், இஸ்திரிப் பெட்டி பக்கத்திலேயே வர வேண்டாம். ஜனவரிக்கு நாள் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று தலைமுறைக் குழந்தைகள் போட்டிருந்தாலும், உடம்பில் அது இருந்த நேரத்தைக் கூட்டினால் ஒரு பகல்கூடத் தேறாது. மற்ற காலம் முழுக்கப் பெட்டியிலும் பீரோவிலும்தான் கிடந்திருக்கிறது. மடிப்பின் பழுப்பும் கொக்கியின் துருவும் பீரோவில் வந்தவை. பழைய துணி உடுத்துவதால் கெடுவதைவிட, பத்திரப்படுத்துகிறோம் என்று நாம் செய்கிற காரியங்களால் கெடுவதே அதிகம். அந்துருண்டை, பிளாஸ்டிக் கவர், கஞ்சி, நியூஸ்பேப்பர், இரும்புக் கொக்கி, ஒரே மடிப்பு: இவை ஆறும்தான் நம் வீடுகளில் பழைய துணிக்கு எமன். ஆகவே பேத்திக்குப் போடுவதைப் பற்றிப் பயப்படாதீர்கள். போடலாம், போடத்தான் வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் விஷயம்.

இடையன்குடி என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், 1820களில் அங்கே விடுதியில் படித்த பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது அந்தத் தொழிலும் கூடவே வந்தது. அப்போது நாகர்கோவில் இருந்த திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855 வரை சட்டப்படி இருந்தது. நாடார் பெண்கள் மேலாடை போட அரசாணை வந்தது 1859இல்தான். அந்தக் காலத்தில் லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்து அடிமைத்தனத்திலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தைப் பற்றி நாம் பேசாத மேடை இல்லை. எலைசாவின் லேஸ் பள்ளியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எனக்கு அது பெரிய குறையாகத் தெரிகிறது. உங்கள் கவுனின் கழுத்தில் இருப்பது அந்த மரபில் வந்த கைலேஸ் என்றால், உங்கள் வீட்டு நகைகளைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

கைலேஸா, மில் லேஸா என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். கறுப்புத் துணியின் மேல் விரித்து, பூதக்கண்ணாடியாலோ போன் கேமராவைப் பெரிதாக்கியோ பாருங்கள். தலையணையில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னிய லேஸில், நூல்கள் ஜடை போலவும் நெசவு போலவும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி இறங்கும். ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் நூலிழை அளவு வித்தியாசம் இருக்கும். குரோஷா என்றால் வளையத்துக்குள் வளையம். மில் லேஸில் எல்லாப் பூவும் அச்சு மாறாமல் ஒரே மாதிரி. உடம்புத் துணியின் தையலையும் திருப்பிப் பாருங்கள். கைத்தையல் உள்பக்கம் ஏற்ற இறக்கமாக இருக்கும். மெஷின் தையல் இரண்டு பக்கமும் ஒரே அளவாக ஓடும். மெஷின் தையல் இருப்பதாலேயே பிந்திய காலம் என்று முடிவுகட்ட வேண்டாம். தையல் மெஷின் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. ஆனால் நைலான் நெட், பாலியஸ்டர் நூல், பிளாஸ்டிக் ஜிப் கண்ணில் பட்டால் அந்தப் பகுதி பின்னால் யாரோ சேர்த்தது. எங்காவது தளர்ந்து தொங்கும் நூல் ஒரு துண்டு கிடைத்தால் சாமணத்தில் பிடித்து எரித்துப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு மெல்லிய சாம்பல் விழுந்தால் பருத்தியோ லினனோ. முடி கருகும் நாற்றம் வந்தால் பட்டு. உருகி மணியாக உருண்டால் செயற்கை நூல். இது ஏன் முக்கியம் என்றால், பருத்திக்கு ஈரத்தில் பலம் கூடும். பட்டுக்குக் குறையும், ரேயானுக்கு மிகவும் குறையும். கீழே சொல்லும் சலவை முறை பருத்திக்கும் லினனுக்கும் மட்டுமே.

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமான எச்சரிக்கை. கவுனோடு அந்துருண்டை வைத்திருந்தீர்களா? அதில் இருக்கும் நாப்தலீன் துணியில் ஏறித் தங்கும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகள் உண்டு. பெரும்பாலும் பெற்றோருக்கு அது தெரியவே தெரியாது. அந்துருண்டை போட்டு வைத்த துணியையும் போர்வையையும் போர்த்தியதால் இப்படிப்பட்ட சிசுக்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, கடும் மஞ்சள் காமாலை வந்து, மூளை வரை பாதித்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பேபி ஆயில் தடவிய உடம்பில் அது இன்னும் எளிதாக உறிஞ்சப்படும். ஆகவே கவுனை உடனே தனியே எடுத்து, நிழலும் காற்றோட்டமும் உள்ள அறையில் சுத்தமான வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் பல நாட்கள் கிடத்துங்கள். பிறகு சலவை, அதன்பின் மறுபடி காற்று. முகத்தருகே வைத்து முகர்ந்தால் லேசாகவாவது அந்த வாசனை வருகிறது என்றால் குழந்தைக்குப் போடவே கூடாது. அந்தக் குழந்தைக்குப் பிறந்தபோது காமாலை கடுமையாக இருந்தது என்றாலோ, குடும்பத்தில் ஜி6பிடி குறை உண்டு என்றாலோ, குழந்தை மருத்துவரைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள். அந்துருண்டைக்குப் பதில் கற்பூரம் வைக்கலாமே என்பார்கள். பச்சைக்குழந்தைக்கு அதுவும் ஆகாது.

சலவைக்கு வருவோம். டிரை கிளீனிங் வேண்டாம் என்கிறேன். அதன் கரைப்பான் எண்ணெய்க் கறையை எடுக்கும். உங்கள் கவுனில் இருக்கும் பழுப்போ, நூலே காற்றில் மெல்லச் சிதைந்து வந்தது. பழைய கஞ்சியும் மரத்தட்டின் அமிலமும் அதற்குத் துணை. அது தண்ணீரில்தான் இறங்கும். டிரம்முக்குள் சுழல்வதை நூறாண்டு லேஸ் தாங்காது என்பது இன்னொரு காரணம்.

பூவேலையில் வெள்ளை தவிர வேறு நிற நூல் ஒன்று இருந்தாலும் முதலில் சாயம் சோதிக்க வேண்டும். காது குடையும் பஞ்சுக்குச்சியைத் தண்ணீரில் நனைத்து, உள்பக்கம் அந்த நூலின் மேல் அரை நிமிடம் வைத்து எடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்து அதேபோல் ஒருமுறை. பஞ்சில் நிறம் ஏறினால் அதோடு நிறுத்திவிடுங்கள். அந்தக் கவுனுக்குச் சலவை கிடையாது.

சாயம் விடவில்லை என்றால், கொக்கிகளைப் பிரித்தெடுத்துவிட்டு, விட்டுப்போன லேஸை மெல்லிய வலைத்துணியோடு பெரிய பெரிய ஓட்டுத்தையலாகப் பிணையுங்கள். கவுன் மொத்தத்தையும் இரண்டு கொசுவலைத் துண்டுகளுக்கு நடுவே வைத்துவிடுங்கள். ஈரத்துணியின் கனத்தை லேஸ் சுமக்கக் கூடாது. தூக்கும்போதெல்லாம் வலையைத்தான் பிடித்துத் தூக்க வேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டும் பிளாஸ்டிக் டப் ஒன்று போதும். தண்ணீர்தான் சென்னையில் சிக்கல். போர்த் தண்ணீரில் சுண்ணாம்பும் இரும்பும் இருக்கும். இரும்பு வெள்ளைத்துணியில் படிந்தால் பின்னால் மஞ்சள் புள்ளியாக எழும். ஆர்ஓ தண்ணீரையே பயன்படுத்துங்கள். கடைசி அலசலுக்காவது அது கட்டாயம்.

முதலில் வெறும் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறட்டும். தண்ணீர் டிகாக்ஷன் நிறத்தில் இறங்கும்; பயப்படாதீர்கள், போக வேண்டியதுதான் போகிறது. கொட்டிவிட்டு மாற்றுங்கள். நிறம் இறங்குவது குறைகிற வரை இப்படியே மாற்றிக்கொண்டிருங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில், வெண்மையூட்டி கலக்காத மென்மையான திரவ சோப்பு ஒரு தேக்கரண்டி. தேய்க்கக் கூடாது, பிழியக் கூடாது, பிரஷ் கூடவே கூடாது. உள்ளங்கையால் மெல்ல அழுத்தி அழுத்தி விட்டால் போதும். அலசலில் கஞ்சமாக இருக்க வேண்டாம். தங்கிப்போகும் சோப்புதான் அடுத்த தலைமுறைக்குப் பழுப்பாகத் தெரியும். ஈரத்தை வெள்ளை டவலில் ஒற்றி எடுத்து, இன்னொரு டவலின் மேல் தட்டையாகக் கிடத்தி, லேஸின் ஒவ்வொரு இதழையும் விரலால் நீவிவிட்டு நிழலில் உலர்த்துங்கள். சரியாக நீவி உலர்த்தினால் இஸ்திரியே தேவைப்படாது. தேவைப்பட்டால் பூவேலை கீழே பார்த்தபடி டவல் மேல் வைத்து, மேலே மல் துணி போட்டு, குறைந்த சூட்டில். நீலம் போட வேண்டாம், கஞ்சி போடவே வேண்டாம்.

பால் வெள்ளையாக வராது. தந்த நிறத்தில் நிற்கும். அதோடு விட்டுவிடுங்கள். பிளீச்சிங் பவுடர், குளோரின் திரவம் எதைத் தொட்டாலும் வெள்ளை இரண்டு மாதம் நிற்கும், துணி நிற்காது. அதிலும் துருக்கறையின் மேல் பிளீச் பட்டால் அந்த இடத்தில் ஓட்டையே விழும். பிளீச் பருத்தியைத் தின்னும் வேகத்தை இரும்பு கூட்டிவிடும். எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்து வெயிலில் வைப்பது நம் வீட்டு வைத்தியம். துரு மங்கும், ஆனால் அமிலம் நூலில் தங்கி அரிக்கும், வெயில் அதை முடித்து வைக்கும். கண்ணில் படாத இடத்துக் கறைதானே, இருக்கட்டும். புதுக்கறை வராமல் இருக்க, இரும்புக் கொக்கிக்குப் பதில் மெல்லிய பருத்தி நாடா வைத்து முடிச்சுப் போடுங்கள். பழைய கொக்கியைத் தூக்கிப் போடாமல் ஒரு காகித உறையில் போட்டு எழுதி வையுங்கள். சிப்பிப் பொத்தான் ஏதாவது கழன்றிருந்தால் அதையும்.

லேஸ் விட்ட இடத்துக்கு டெய்லர் வேண்டாம். நல்ல டெய்லரும் மெஷினில்தான் ஓட்டுவார். ஊசி பழைய நூலை அறுத்துக்கொண்டே போகும். அடியில் மெல்லிய மல் துணியோ பருத்தி நெட்டோ ஒரு துண்டு கொடுத்து, மெல்லிய கை ஊசியால், கவுனின் நூலைவிட மெலிந்த ஒற்றைப் பருத்தி நூலால், சுற்றியுள்ள நல்ல இடத்தில் பிடித்துத் தையுங்கள். பாலியஸ்டர் நூல் கூடாது. என்றாவது இழுபட்டால் தையல் நூல் அறுந்துபோக வேண்டும். துணி கிழியக் கூடாது. பிசின், ஒட்டும் பேஸ்டிங் எல்லாம் ஒருபோதும் திரும்ப எடுக்க முடியாதவை. தையலில் கைதேர்ந்தவர் உங்கள் சபையிலேயே யாராவது இருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொல்லித் தைக்கச் சொல்லுங்கள். கைவைக்கவே பயமாக இருக்கும் அளவுக்கு இற்றிருந்தால், எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் பழம்பொருள் பாதுகாப்புக்கென்றே ஒரு வேதியியல் பிரிவு இருக்கிறது. அங்கே போய் யோசனை கேட்கலாம்.

அளவைப் பற்றிக் கேட்டீர்கள். பிரிக்காதீர்கள், ஒட்டுப் போடாதீர்கள். அந்தக் காலத்தில் பிறந்த சில வாரங்களிலேயே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். கவுன் அந்த அளவுக்குத் தைத்தது. இன்று ஐந்து, ஆறு மாதக் குழந்தைக்கு அது பற்றாததில் வியப்பில்லை. பின்பக்கத்தைத் திறந்தபடியே விட்டு, நாடாவைத் தளர முடிந்து, உள்ளே புதிய மல்லில் ஒரு ஸ்லிப் போடுங்கள். குழந்தை மடியில்தான் இருக்கப்போகிறது; முதுகு யாருக்கும் தெரியாது. கை நுழையவில்லை என்றால் வலிந்து நுழைக்காமல், புது கவுன் போட்ட குழந்தையின் மேல் இதை விரித்துப் போர்த்திவிடலாம். அதுவும் அணிவித்ததுதான்.

அன்றைக்கு ஆலயத்துக்குப் புறப்படும்போதே போட வேண்டாம். வரிசையில் உங்கள் முறை வருவதற்குச் சற்று முன் போட்டு, ஜெபம் முடிந்து ஒரு படம் எடுத்ததும் கழற்றிவிடுங்கள். பவுடரும் பேபி ஆயிலும் அன்று காலை வேண்டாம். தூக்குகிறவர்கள் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டுத் தூக்கட்டும். லேஸ் அறுபடுவது பெரும்பாலும் அதில்தான். தலையில் ஊற்றும் தண்ணீரால் ஒன்றும் ஆகாது. கத்தோலிக்க வாசகிகள் மட்டும் கவனிக்க வேண்டும்: கிறிஸ்மா எண்ணெய் ஆலிவ் எண்ணெயும் நறுமணத் தைலமும் கலந்தது, கழுத்தோரம் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை வைத்துக்கொள்ளுங்கள். பால் கக்கினால் அன்றே அந்த இடத்தை ஆர்ஓ தண்ணீரால் ஒற்றிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் காய்ந்த பால்தான் பத்து வருடம் கழித்து மஞ்சள் வட்டமாக வெளிப்படும்.

திரும்ப வைப்பது எப்படி? காடாத் துணி இரண்டு மீட்டர் வாங்கி, கஞ்சி போகும்வரை வெந்நீரில் துவைத்து உலர்த்துங்கள். கவுனைக் கூடியமட்டும் மடிக்காமல் கிடத்த வேண்டும். மடித்தே ஆக வேண்டிய இடத்தில், அதே காடாவைச் சுருட்டி மடிப்புக்குள் கொடுங்கள். துணி வளையட்டும், முறியக் கூடாது. காடாவில் பொதிந்து, மேல்தட்டில், கனமான எதுவும் மேலே ஏறாமல் வையுங்கள். பாலித்தீன் கவர் ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அது பூஞ்சைக்குக் கொடுத்த இடம். இராமபாணப் பூச்சி வருவது கஞ்சிக்காக. கஞ்சி இல்லையென்றால் பாதித் தொல்லை தீர்ந்தது. வேப்பிலையும் வசம்பும் வைக்க ஆசைப்பட்டால் துணிப்பையில் கட்டி ஓரமாக வையுங்கள், கவுனில் படக் கூடாது. ஆனால் அதை நம்பி எடுத்துப் பார்க்காமல் இருந்துவிட வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மழையில்லாத நாளில் எடுத்து, காற்றாட விட்டு, வேறு இடத்தில் மடிப்பு விழும்படி வைப்பதைவிட நல்ல மருந்து இல்லை. மேல்தட்டு என்று சொன்னதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி நந்தனம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தபோது முதலில் போனவை பீரோவின் கீழ்த்தட்டுகள்தான்.

பட்டுப்புடவை வைத்திருப்பவர்களும் இதையே செய்யலாமா என்று கேட்பார்கள். வைக்கும் முறை ஒன்றுதான், சலவை மட்டும் கிடையவே கிடையாது. சரிகையில் வெள்ளி இருப்பதால் ரப்பர் பேண்டும் சென்ட்டும் அதன் பக்கமே போகக் கூடாது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

தங்கை விஷயம். கொடுத்து அனுப்புங்கள், ஆனால் பார்சலில் வேண்டாம். போகிறவர் கைப்பையில், காடாவில் சுருட்டி. யாரிடம் இருக்கும், அடுத்து எங்கே போகும் என்பதை இரு வீட்டாரும் பேசி எழுதிக்கொள்ளுங்கள். கூடவே ஒரு நகலும் தைத்துவிடுங்கள் என்பேன். விக்டோரியா ராணியின் முதல் மகளுக்கு 1841இல் ஹானிட்டன் லேஸில் தைத்த ஞானஸ்நான கவுனை அந்த அரச குடும்பம் 2004 வரை, அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் போட்டது. பிறகு துணி தாங்காது என்று தெரிந்ததும் அதேபோல் ஒன்று தைத்து, 2008 முதல் அதையே போடுகிறார்கள். மூலம் ஓய்வில் இருக்கிறது. உங்கள் கவுனும் பேத்திக்கும் தங்கை பேரனுக்கும் பிறகு ஓய்வெடுக்கட்டும். குமரி மாவட்டத்தில் கையால் நுண்பூவேலை செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பூவின் வரைவை டிரேசிங் பேப்பரில் எடுத்துக் கொடுத்தால் அவர்களுக்கும் வேலை, உங்களுக்கும் அடுத்த நூறு வருடத்துக்கு ஒரு கவுன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கவுனைத் தைத்த பூட்டியின் பெயரை நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை. அம்மா இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்: பெயர், ஊர், யாரிடம் லேஸ் கற்றார், யார் யாருக்கு எந்த ஆலயத்தில் போட்டது. தேதி நினைவில்லை என்றால் அந்தந்தச் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கும். குருவானவரிடம் கேட்டால் நகல் கிடைக்கும். எல்லாவற்றையும் பென்சிலால் ஒரு தாளில் எழுதி, காடாப் பொதியோடு சேர்த்து வையுங்கள்.